வாரத்துக்கு ஒரு மணித்தியாலம்

“மனசு நல்லா இருந்தால் போதாதா? சமூகப்பணி படிக்கப் பல்கலைக்கழகம் எதற்கு?” மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பொதுவேலை செய்கிற எவர் காதிலும் இந்தக் கேள்வி விழுந்திருக்கும். ஏளனமாக யாரும் கேட்பதில்லை. கேட்க அவர்களுக்கு உரிமையும் இருக்கிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனபோதும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறிவந்தபோதும், கிடாரம் வைத்துச் சோறு ஆக்கியவர்கள் சமூகப்பணிப் பட்டதாரிகளில்லை. கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிருவாகம், மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம் என்று ஊரில் ஏற்கெனவே இருந்தவைதான் அந்த முதல் நாட்களைத் தாங்கின. இவ்வளவும் செய்த ஊரிடம் போய் “இதற்கு நான்கு வருடப் படிப்பு வேண்டும்” என்றால், ஏன் என்றுதானே கேட்பார்கள்?

பல்கலைக்கழகத் தரப்பில் இதற்கு வழமையாக வரும் பதில், இது விஞ்ஞானபூர்வமான தொழில், கோட்பாடு தெரிந்திருக்க வேண்டும் என்பது. பொய்யில்லை. ஆனால் கேட்டவரிடம் அது எடுபடுவதில்லை. எனக்கும் அது போதவில்லை. கோட்பாட்டைக் கரைத்துக் குடித்த ஒருவர் ஒரு வீட்டு வாசலில் என்ன கேட்பதென்று தெரியாமல் நிற்பதும், எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்ட மாதர் சங்கத் தலைவி அதே வாசலில் கதிரையை இழுத்துப் போட்டு இயல்பாகக் கதை எடுப்பதும் இங்கே புதினமில்லை. அப்படியானால் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒரு சமூகப்பணிப் பள்ளி கூடுதலாக என்னதான் தருகிறது? நான் வந்து நின்ற பதில் சின்னது. அது வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் தருகிறது. களத்துக்குப் போய்வந்த மாணவி, தன் கைப்பட எழுதிய பதிவோடு, அனுபவமுள்ள ஒரு மேற்பார்வையாளர் முன்னால் தனியாக இருந்து, என்ன பார்த்தேன், என்ன கேட்டேன், ஏன் அப்படிச் செய்தேன் என்று பதில் சொல்லும் மணித்தியாலம். மற்ற எல்லாவற்றையும் வேறு இடங்களிலும் படிக்கலாம். இதை ஒழுங்காக நடத்துவதற்குத்தான் பள்ளி வேண்டும்.

பழைய வழக்கு

இந்த வாதம் நம்முடைய ஊரில் தொடங்கியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நகரங்களில் தருமச் சங்கங்கள் நடுத்தர வீட்டுப் பெண்களை ஏழைக் குடும்பங்களிடம் அனுப்பின. அவர்களும் நல்ல மனசோடுதான் போனார்கள். போல்டிமோரில் அப்படியொரு சங்கத்தை நடத்திய மேரி ரிச்மண்ட், ஒருவர் படித்த பாடம் அடுத்தவருக்குப் போய்ச் சேராததையும், அதே பிழைகளைப் புதிதாக வருபவர்கள் மறுபடி அதே குடும்பங்களின் தலையில் செய்து பழகுவதையும் கண்டார். 1897இல் டொரொன்டோவில் நடந்த, தருமப் பணிகளுக்கான அமெரிக்கத் தேசிய மாநாட்டில் இதற்கென ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று கேட்டார். மறுவருடக் கோடையில் நியூயோர்க்கில் ஆறு வார வகுப்பொன்று தொடங்கியது. இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளி தன் பிறப்பை அந்த ஆறு வாரத்திலிருந்துதான் எண்ணுகிறது.

1915இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர், மருத்துவக் கல்வியைச் சீர்செய்து பெயர் வாங்கியவர், சமூகப்பணி இன்னும் ஒரு தொழிலாக ஆகவில்லை என்று மாநாட்டு மேடையிலேயே சொன்னார். அதற்கு என்று தனியான, பிறருக்குக் கற்றுக்கொடுக்கக்கூடிய நுட்பம் இல்லை என்பது அவர் குற்றச்சாட்டு. இரண்டு வருடம் கழித்து ரிச்மண்ட் ஒரு தடித்த நூலை வெளியிட்டார். ஒரு குடும்பத்தைப் பற்றி நாம் நம்புகிற விஷயம் எங்கிருந்து வந்தது, யார் சொன்னது, நேரில் கண்டதா கேள்விப்பட்டதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதுதான் அதன் சாரம். இன்றைக்கும் களப்பயிற்சியில் ஒரு மாணவியின் பதிவை வாசிக்கும் மேற்பார்வையாளர் முதலில் தேடுவது அதைத்தான்.

சிகாகோவில் வேறொரு குரல் எழுந்தது. 1889இல் ஜேன் அடம்ஸ் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற குடியிருப்பில், குடியேறிய தொழிலாளர் மத்தியில் வாழ்ந்த பெண்களில் எடித் அபொட்டும் ஒருவர். சங்கத்துக்குள்ளேயே பழகியவர் அந்தச் சங்கம் செய்வதைத் திறம்படச் செய்வார். அது செய்வது சரியா என்று கேட்கமாட்டார் என்பது அபொட் தரப்பின் கவலை. சட்டம், புள்ளிவிபரம், அரச நலச்சேவையின் வரலாறு இவற்றைப் பல்கலைக்கழகத்தில் இருந்துதான் படிக்க வேண்டும் என்று அவரும் சொபொனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜும் நின்றார்கள். 1920இல் அவர்களுடைய பள்ளி சிகாகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1924இல் அபொட் அதன் பீடாதிபதியானார். களத்தைக் கைவிடாமல் பல்கலைக்கழகத்துக்குள் போக முடியும் என்பதற்கு அந்தப் பள்ளிதான் நூறு வருடமாகச் சாட்சி.

அதே சிகாகோவில் படித்துவிட்டு 1920களில் பம்பாய்க்கு வந்தவர் கிளிஃபர்ட் மான்ஷார்ட். நாக்பாடாவின் நெரிசலான தெருக்களுக்கு நடுவே அயலவருக்கான ஒரு சமூக இல்லம் நடத்தினார். அந்த இல்லத்தில்தான் 1936இல் சேர் டொராப்ஜி டாடா பெயரில் இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி திறந்தது. முதலில் தெரு, பிறகு வகுப்பறை என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். 1964இல்தான் அதற்குப் பல்கலைக்கழகத்துக்குச் சமமான நிலை வந்தது.

இலங்கையில் சமூக சேவைத் திணைக்களம் 1948இல் வந்தது. 1952இல் தொண்டர்கள் முன்னின்று கொழும்பில் ஒரு சமூகப்பணி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1964இல் அதை அரசு ஏற்றது. 1978இல் இரண்டு வருட டிப்ளோமா வந்தது. 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் அதைத் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக்கியது. சமூகப்பணி இளமாணிப் பட்டம் 2005இலும் முதுமாணி 2008இலும் தொடங்கின. இந்த வரிசையில் என்னை நிறுத்துவது 2005. பயிற்சி தொடங்கி அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் பட்டம் வருகிறது. கல்லடியிலும் நாவலடியிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் திருக்கோவிலிலும் கடல் புகுந்தபோது, சமூகப்பணியில் பட்டம் தருகிற இடம் நாட்டிலேயே ஒன்றும் இருக்கவில்லை.

கடல் வந்துபோன பிறகு

அந்த வெற்றிடம் எப்படித் தெரிந்தது என்பதைக் கிழக்கில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் ஒரு நிறுவனம் வந்து முகாமிலுள்ள பிள்ளைகளை அலையை வரையச் சொல்லும். பின்னேரம் இன்னொரு நிறுவனம் அதே பிள்ளைகளிடம் அதையே கேட்கும். விதவையான பெண்ணிடம் அவள் கணவன் எப்படிச் செத்தான் என்று ஒரே வாரத்தில் பலர் படிவம் நிரப்பினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. மனம் இருந்தது, பணமும் இருந்தது. எடுத்த விபரத்தை என்ன செய்வது, அடுத்த முறை யார் வருவார், கேள்வி கேட்டபின் அந்தப் பெண் இரவில் எப்படித் தூங்குவாள் என்று கேட்கவைக்கும் ஒழுங்குதான் இருக்கவில்லை. மட்டக்களப்பில் உளசமூக வேலை செய்தவர்கள் ‘மாங்குரோவ்’ என்ற ஒருங்கிணைப்பு வலையமைப்பை அமைத்துக்கொண்டதே இந்தக் குழப்பத்துக்குள் ஒரு ஒழுங்கைக் கொண்டுவரத்தான்.

கரையோரத்தில் வீடு கட்டுவதற்கான தடை, கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் என்று முதலில் அறிவிக்கப்பட்டது, பிறகு தளர்த்தப்பட்டது. அதற்கிடையில் பல குடும்பங்கள் உள்ளே நகர்த்தப்பட்டன. புதிய வீடு வந்தது, பத்திரமும் வந்தது. பத்திரத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று கணவனின் பெயர் ஏறியது. இங்கேதான் பெரிய பிழை நடந்தது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு பெண்ணோடு போகிறது. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடும் வளவும் அவளுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். மூத்தவளுக்குத் தாயின் வீடு, அடுத்தவளுக்குப் பக்கத்தில் ஒன்று என்று ஒரே வளவைச் சுற்றி அக்கா தங்கச்சிமார் வீடுகள் வளரும். குடி என்கிற குலமரபும் தாய்வழிதான். பெண்ணுக்கிருந்த ஒரே சொத்தை, உதவி என்ற பெயரிலேயே, ஒரு படிவத்தின் ஒரு கட்டம் ஆணின் பெயருக்கு மாற்றிவிட்டது. பெண்கள் அமைப்புகள் பிறகு இதை எடுத்துப் போராட வேண்டியிருந்தது. படிவத்தைத் தயாரித்தவருக்கு ஊர் தெரியாது. படிவத்தை நிரப்பியவருக்கு ஊர் தெரிந்திருந்தாலும், படிவத்தைக் கேள்வி கேட்கலாம் என்று தெரிந்திருக்கவில்லை. அபொட் பயந்தது இதற்குத்தான்.

அரச காணிச் சட்டமும் ஆணின் பக்கம் சாய்ந்துதான் நின்றது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரக் காணிக்கு வாரிசு நியமிக்கப்படாவிட்டால் ஆண் பிள்ளைக்கு முன்னுரிமை. 2022 திருத்தம் வரும்வரை அப்படியே இருந்தது. குடியேற்றக் காணிகள் நிறைந்த அம்பாறையில் வேலை செய்யும் ஒருவர் இதை விரல்நுனியில் வைத்திராவிட்டால், வீட்டுப் பிரச்சினை என்று எழுதிக்கொண்டுவரும் பல கோவைகள் அவருக்குப் புரியவே புரியாது.

“இந்த வீடு யாருடையது?”

ஒரு மாதிரிக் கோவையைத் திறந்து பார்ப்போம். இது ஒருவருடைய கதையில்லை. கரையோரக் குடியேற்றங்களில் திரும்பத் திரும்ப வரும் நிலைமைகளைக் கோர்த்துப் பயிற்சிக்காக வைப்பது.

பதின்மூன்று வயதுப் பையன் பாடசாலைக்கு ஒழுங்காகப் போவதில்லை. சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் அந்தப் பெயரை மாணவியிடம் கொடுக்கிறார். மாணவி போகிறாள். தாய் இல்லை, பையனும் ஐந்து வயதுத் தங்கையும் மட்டும். இரண்டாம் முறை பின்னேரம் போகிறாள். தாய் இருக்கிறார். “முதல்ல தேத்தண்ணியக் குடிங்க மகள், மறுகா கேளுங்க.” தேத்தண்ணி வைத்தவன் பையன். மாணவி கேட்கிறாள், தாய் சொல்கிறார், அயலில் இரண்டு பேர் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கணவர் கத்தாரில், காசு அனுப்பி எட்டு மாதம். அன்றிரவு பதிவில் மாணவி எழுதுகிறாள்: “தாய் பிள்ளையின் கல்வியில் அக்கறையற்றவர். குடும்பத்துக்கு உளவளத்துணை தேவை.”

இப்போது அந்த ஒரு மணித்தியாலம். மேற்பார்வையாளர் திட்டுவதில்லை. “அக்கறையற்றவர் என்றதை எங்கே கண்டாய்?” என்று கேட்கிறார். மாணவி பதிவைத் தேடுகிறாள். கண்டதாக எதுவும் இல்லை. அயல்வீட்டுக்காரி சொன்னது இருக்கிறது. தாய் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்? பதிவில் இல்லை. பையன் ஏன் தேத்தண்ணி வைத்தான்? யோசிக்கவில்லை. கடைசியாக, “இந்த வீடு யாருடையது? அவருடைய அக்கா தங்கச்சிமார் எங்கே?” கேட்கவில்லை. அடுத்த வாரத்துக்கு மாணவிக்குக் கொடுக்கப்படும் வேலை இவ்வளவுதான்: குடும்ப வரைபடத்தை வரைந்துகொண்டு வா.

வரைபடத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு மேல் பெருக்கல் குறி, ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களைச் சுற்றிப் புள்ளிக்கோடு. பாடநூலில் இவ்வளவும் இருக்கும். இங்கே இன்னொன்று சேர்க்க வேண்டும்: ஒவ்வொரு பெண்ணுக்கும் அருகில் அவள் இருக்கும் வீடு யார் பெயரில், தாயின் வளவிலிருந்து எவ்வளவு தூரம். அதை வரைந்ததும் விஷயம் வெளிக்கிறது. கடற்கரை வளவில் அக்கா வீடும் அம்மா வீடும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. குடியேற்றத்தில் வீடுகள் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கப்பட்டன. அக்கா வேறொரு ஊரில், அம்மா தம்பியோடு. காலை ஐந்தரைக்கு அரிசி ஆலைக்குப் போகும் தாய்க்கு, சின்னவளைப் பார்க்க வேறு ஆளில்லை. பையன் பாடசாலையை விடவில்லை. அவன் வீட்டில் ஒரு பெரியம்மாவின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறான்.

இனி வேலை வேறு. சின்னவளை முன்பள்ளியில் சேர்ப்பது, முன்பள்ளி விடும் நேரத்துக்கும் ஆலை விடும் நேரத்துக்கும் நடுவில் அவளை யார் வைத்திருப்பது என்று அயலில் ஒருவரோடு பேசி முடிப்பது, அதிபரிடம் பையன் வராத நாட்களைப் பற்றித் தாயே போய்ச் சொல்ல வைப்பது. கணவரின் பராமரிப்புக் காசுக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் போகலாம். சட்ட உதவி ஆணைக்குழு வழிகாட்டும். குடும்பம் முஸ்லிம் குடும்பமானால் அதே கோரிக்கை காதி நீதிமன்றத்துக்குப் போகும். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ பயிற்சி பெறும் மாணவிக்கு இரண்டு பாதையும் தெரிந்திருக்க வேண்டும். வீடு கணவரின் பெயரில் இருப்பதைத் தாயிடம் எடுத்துச் சொல்வதும் இதில் சேரும், ஆனால் முதல் நாளில் இல்லை. உளவளத்துணைக்கு அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்தத் தாய் ஒருநாள் சம்பளத்தை இழந்து, பஸ்ஸில் போய், தான் ஏன் பிள்ளையில் அக்கறை காட்டவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பார்.

2014 ஜூலையில் மெல்பேர்னில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சமூகப்பணியின் உலக வரைவிலக்கணம், சுதேச அறிவையும் இந்தத் தொழிலின் அடித்தளங்களில் ஒன்றாகச் சொல்கிறது. பாடத்திட்ட முகவுரைகளில் அந்த வசனம் அழகாக இருக்கும். அது உயிர்பெறுவது “அக்கா தங்கச்சிமார் எங்கே?” என்ற கேள்வியில்தான்.

கணக்குப் பார்த்தால்

அந்த மணித்தியாலம் ஏன் எளிதில் காணாமல் போகிறது என்றால், அதற்கு நேரம் பிடிக்கும், அந்த நேரம் எங்கும் பதிவாகாது. வாரத்தில் இரண்டு நாள் களம், நாளுக்கு ஏழு மணித்தியாலம், பதினைந்து வாரப் பருவம் என்றால் 210 மணித்தியாலம். இரண்டு பருவம் சேர்ந்தால் அமெரிக்காவில் இளமாணிப் பட்டத்துக்குக் கேட்கும் 400 மணித்தியாலத்தைத் தாண்டும். களத்துக்கு அனுப்புவது கஷ்டமில்லை. எட்டு மாணவர்களை ஒரு மேற்பார்வையாளர் எடுத்தால், தனிச்சந்திப்புக்கு எட்டு மணித்தியாலம், பதிவுகளை வாசித்து ஓரத்தில் குறிப்பெழுத இன்னும் எட்டு, மாணவர் களப்பயிற்சி பெறும் நிலையங்களுக்குப் போய்வர ஒரு நாள். அது மட்டுமே வாரத்தில் பாதிக்கு மேல். பல்கலைக்கழகம் விரிவுரை மேடையில் நின்ற நேரத்தை மட்டும் கற்பித்தலாகக் கணக்கெடுத்தால், மேற்பார்வை விரிவுரையாளரின் சொந்த நல்லெண்ணத்தில் நடக்கும். நல்லெண்ணத்தில் நடப்பது முதல் வருடம் ஒரு மணித்தியாலமாகவும், அடுத்த வருடம் இருபது பேருக்கான குழுக்கூட்டமாகவும், பிறகு பருவமுடிவில் ஒப்பமிடும் ஒரு புத்தகமாகவும் சுருங்கும். ஒரு துறை தொடங்கும்போதே மேற்பார்வை மணித்தியாலத்தைக் கற்பித்தல் சுமையில் சேர்க்கும்படி செனற் சபையில் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.

அடுத்தது நிலையம். பிரதேச செயலகத்துக்கு மாணவரை அனுப்பினால் அங்கே ஆள் பற்றாக்குறை. அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு பற்றிய மேன்முறையீடுகள் குவிந்திருக்கும். கணினி தெரிந்த பிள்ளை வந்தால் தரவு ஏற்றத்தான் இருத்துவார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆகவே நிலையத்தோடு போடும் உடன்படிக்கையில் வேலையைப் பெயர்சொல்லி எழுத வேண்டும்: ஒரு மாணவருக்குக் குறைந்தது இரண்டு குடும்பக் கோவை, ஒரு குழு வேலை, ஒரு கிராம மட்ட வேலை, பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவர், சேவைநாடியோடு தனியாகக் கதைக்க ஒரு மறைவான இடம். அலுவலக வேலை வாரத்தில் அரை நாளுக்கு மேல் இல்லை. நன்னடத்தைப் பிரிவு, வைத்தியசாலையின் உளநலப் பிரிவு, பெண்கள் அமைப்பு, முதியோர் இல்லம் என்று நிலையங்கள் கலந்து இருந்தால் குழுக்கூட்டத்தில் ஒருவர் மற்றவரிடம் படிப்பார்.

போக்குவரத்தை யாரும் பாடத்திட்டத்தில் எழுதுவதில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில்தான் வேலை அதிகம், பஸ் குறைவு. 2014இல் மண்முனைப் பாலம் வந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இலகுவாகிவிட்டது. மண்டூருக்குக் கிட்டின வழி குருமண்வெளியில் படகு ஏறுவது. கடைசிப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நடத்தும் வீட்டுச் சந்திப்பில் தாய்மார் சொல்லவருவதைச் சொல்லி முடிக்கமாட்டார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் மாதக்கணக்கில் திட்டம் குலையும். நவம்பர், டிசம்பரில் புதுக் கோவை எடுக்காமல், முன்னரே எடுத்தவற்றைத் தொடர்ந்தால் போதும்.

பதிவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பெயரை எடுத்துவிட்டால் இரகசியம் காக்கப்பட்டதாக மாணவர்கள் நினைக்கிறார்கள். “கல்லடியில் ஓய்வுபெற்ற ஒரு அதிபரின் இரண்டாவது மகள், கணவர் லண்டனில்” என்று எழுதினால் வகுப்பில் பாதிப்பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமான ஊர் இது. இலக்கம் மட்டும் இட வேண்டும், ஊரையும் தொழிலையும் மாற்ற வேண்டும், கோவை பூட்டுள்ள அலுமாரியில் இருக்க வேண்டும். பதிவைத் தொலைபேசியில் படம்பிடித்து வட்ஸ்அப் குழுவில் போட்டு “இது சரியா மிஸ்?” என்று கேட்பது இன்றைக்கு நடக்கும் மிகப் பெரிய பிழை, முதல் வாரத்திலேயே தடுக்க வேண்டும். பதிவு தமிழில் எழுதப்பட வேண்டும், அவர் சொன்னதை அவர் சொன்ன வசனத்திலேயே. பக்கத்தை மூன்றாகப் பிரித்து, நடந்த உரையாடல் ஒரு பக்கம், அப்போது மாணவிக்குள் எழுந்தது இன்னொரு பக்கம், மூன்றாவது மேற்பார்வையாளருக்கு. சந்திப்புக்கு இரண்டு நாள் முன்னர் கையில் கொடுக்காவிட்டால் சந்திப்பு வெறும் கதையாகிவிடும்.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும்

கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்தாறுமூலையில் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது. நான்கு வருடத்தில் அந்த வளாகமே அகதி முகாமானது. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பவில்லை. அதே வருடம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்ததற்குப் பின்னாலும் அந்த வருடங்களின் தமிழ்-முஸ்லிம் பிளவு இருக்கிறது. இப்படியான மண்ணில் இருக்கும் எந்தச் சமூகப்பணித் துறையும் தன் நோக்கத்தை வேறு நாட்டுப் பள்ளி ஒன்றின் இணையப்பக்கத்திலிருந்து பிரதிசெய்ய முடியாது. தமிழ் மாணவி முஸ்லிம் ஊரிலும் முஸ்லிம் மாணவன் தமிழ் ஊரிலும் ஒரு பருவமாவது களத்தில் இருப்பதைக் கட்டாயமாக்குவதே அந்த நோக்கத்தின் நடைமுறை வடிவம் என்று நினைக்கிறேன். எதிர்ப்பு வரும். பெற்றோர் கேட்பார்கள், நிலையமும் தயங்கும். அந்தப் பருவத்தில் மேற்பார்வை மணித்தியாலம் இரட்டிப்பாக வேண்டும், ஏனென்றால் மாணவர் வீட்டிலிருந்து சுமந்துகொண்டுவரும் கதை சேவைநாடியின் கதைக்கு முன்னால் வந்து நிற்கும். காணாமல் போனவரைத் தேடும் தாயின் வீட்டுக்குப் போகும் மாணவியின் வீட்டிலும் அப்படியொரு படம் மாட்டப்பட்டிருக்கலாம். மேற்பார்வையாளர் அதைத் தெரிந்துவைத்துத்தான் கோவை கொடுக்க வேண்டும்.

நல்ல மனசு போதாதா என்று கேட்கும் மாதர் சங்கத் தலைவிக்கு இந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது, மேற்பார்வையாளராக. ஊர் அறிவை மாணவர்களுக்குக் கொடுப்பதற்கு அவரைவிடத் தகுந்தவரில்லை. நிலைய மேற்பார்வைக்குக் கொடுப்பனவும், வருடத்துக்கு இரண்டு நாள் பயிற்சியும், துறையின் கூட்டத்தில் ஒரு கதிரையும் கொடுத்தால் அவர் வருவார். பட்டம் இல்லாதவரைப் பல்கலைக்கழகக் காகிதத்தில் எந்தப் பதவியில் காட்டுவது என்று நிருவாகம் கேட்கும். ‘களப் போதனாசிரியர்’ என்று ஒரு வகையை உருவாக்கி அதற்குரிய தகைமையை அனுபவ ஆண்டுகளில் எழுதிவிடலாம்.

கடைசியாக, கோவையை மூடுவது. பருவம் முடிந்ததும் மாணவர்கள் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள், பரீட்சை வந்துவிடும். அந்தப் பையனுக்கு அது இன்னொரு ஆள் வந்து கேட்டுவிட்டுப் போன மாதிரி. முடிவதற்கு நான்கு வாரம் முன்னரே தாயிடம் கடைசித் திகதியைச் சொல்ல வேண்டும். அதற்கடுத்த சந்திப்பில், என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்று இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். மூன்றாவதில், பொறுப்பெடுக்கும் உத்தியோகத்தரை வீட்டுக்கே கூட்டிப்போய் அறிமுகப்படுத்த வேண்டும். நான்காவது விடைபெறுவதற்கு. உத்தியோகத்தருக்கு ஒரு பக்கச் சுருக்கம், பல்கலைக்கழகக் கோவையில் அதன் பிரதி, தாயின் கையில் பராமரிப்பு வழக்கின் அடுத்த தவணைத் திகதியும் சட்ட உதவி நிலையத்தின் இலக்கமும் எழுதிய துண்டு. அடுத்த வருடம் வரும் மாணவி அந்தக் கோவையை முதல் வாரத்திலேயே வாசிக்க வேண்டும், தாயிடம் பழைய கேள்விகளைத் திரும்பக் கேட்காமல் இருப்பதற்காக.